நேரத்துக்கு ஒரு மாதிரி

ஒருவரைப் பற்றி மூன்றே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட முடிந்தால் நம் ஆட்களுக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. ‘நேரத்துக்கு ஒரு மாதிரி’ என்போம். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. காலையில் சிரித்தவர் மத்தியானம் எரிந்து விழுவார், எரிந்து விழுந்தவர் நாலு மணிக்குக் கூப்பிட்டு பஜ்ஜி கொடுப்பார், அதை நாம் கடித்து முடிப்பதற்குள் முகம் திரும்பியிருக்கும் என்பதெல்லாம் அந்த மூன்று வார்த்தைக்குள் அடக்கம். இதில் ‘நேரத்துக்கு’ என்பதை மட்டும் மறக்காமல் சொல்லவேண்டும். ‘அவங்க ஒரு மாதிரி’ என்று நிறுத்திவிட்டால் அது வேறு பேச்சு, கைகலப்பில் போய் முடியும்.

நான் இந்த வார்த்தையை அதிகம் செலவழித்தது ஒரே ஒருவர் மேல்தான். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். ஃபிரேம் எடுத்துக் காட்டுவது, மூக்குக்கும் காதுக்கும் ஏற்ற மாதிரி வளைத்துக் கொடுப்பது, கழன்ற திருகைப் போடுவது எல்லாம் என் வேலை. கடையின் பின்பக்கம் ஓர் இருட்டறை இருந்தது. அங்கே கண்ணைப் பரிசோதித்து பவர் எழுதித் தருபவர் அக்கா. என்னைவிட எட்டு வயது பெரியவர். முதலாளியையும் சேர்த்துக் கடையில் மொத்தமே மூன்று பேர். மூன்று பேரில் ஒருவர் நேரத்துக்கு ஒரு மாதிரி என்றால் மற்ற இரண்டு பேர் பாடு என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

காலையில் அவர் கைப்பையை வைக்கும் விதத்தை நான் முதலில் பார்ப்பேன். ஆணியில் மாட்டினால் நல்லது. நாற்காலியில் போட்டால் பத்து மணி வரை வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் இந்தக் கணக்கையும் அவர் பொய்யாக்கிவிடுவார். பையை நாற்காலியில் தொப்பென்று போட்டுவிட்டு, அதற்குள்ளிருந்தே அவர் அம்மா செய்த ரவாலட்டை எடுத்து, ‘சாப்டு, வெறும் வயித்துல ஓடி வந்திருப்ப’ என்று நீட்டுவார். அரசாங்கம் எங்கள் வீட்டை ஆற்றோரத்திலிருந்து எடுத்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்த பிறகு நான் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தேன். அது அவருக்கு ஞாபகம் இருக்கும். லட்டை வாங்கிக்கொண்டு நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால், ‘பேசாதே, எனக்குத் தலை வலிக்குது’ என்பார்.

என் மகளின் பிறந்தநாளுக்கு பாண்டி பஜாருக்குப் போய் ஒரு கவுன் வாங்கி வந்தார். நீட்டும்போது மேஜைமேல் பார்வை போய்விட்டது. சின்னத் திருப்புளியை அதன் டப்பாவில் வைக்காமல் நான் வெளியே போட்டிருந்தேன். எத்தனை தடவை சொல்வது என்று ஆரம்பித்து, எனக்குப் பொறுப்பே கிடையாது என்பது வரை போய், கவுன் திரும்பப் பைக்குள் ஏறிவிட்டது. சாயங்காலம் வீட்டில் போய்ப் பார்த்தால் என் சாப்பாட்டுப் பையில் அந்தக் கவுன் இருக்கிறது. கூடவே காலையில் இல்லாத ஒரு ஹேர்பேண்ட். எப்போது போய் வாங்கினார், எப்போது வைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ராஜினாமாக் கடிதங்கள் தனி. மாதத்துக்கு ஒன்றாவது வரும். பதினோரு மணிக்கு எழுதி முதலாளியின் மேஜையில் வைப்பார், மூன்று மணிக்குத் திரும்பக் கேட்பார். முதலாளி நாலு தலைமுறையாக மாடவீதியை விட்டு நகராத குடும்பம், எதற்கும் அவசரப்படாதவர். கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். “இப்போ நீயே பத்திரமா வெச்சுண்டு இரு. அஞ்சு மணிக்கும் இதே எண்ணம் இருந்ததுன்னா குடு, நான் வாங்கிக்கறேன்” என்று சொல்லிவிடுவார். அஞ்சு மணிக்கு ஒரு கடிதமும் மிஞ்சியதில்லை.

இப்போது யோசித்தால் ஒன்று உறைக்கிறது. முதலாளிக்கும்தான் கோபம் வந்தது. கோடைகாலத்தில் கரண்ட் போனால் யாரை என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியாது. அதை நாங்கள் ‘டென்ஷன்’ என்போம். காரில் வந்து இறங்கும் ஒரு மாமி பதினாறு ஃபிரேமை ஆசையாக எடுத்துவைத்துக்கொண்டு, பதினாறையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போவார். அதற்குப் பெயர் ‘டேஸ்ட்’. நான் வீட்டில் கத்தினால் என் பெண்டாட்டி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்பு என்று பக்கத்து வீட்டில் எனக்காகப் பேசுவாள். இதே குணம் முப்பத்தைந்து வயதாகிக் கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணிடம் இருந்தபோது மட்டும் எங்களுக்கு வேறு வார்த்தை அகப்படவில்லை.

அந்த வார்த்தை கொஞ்சமும் பொருந்தாத இடம் ஒன்று அந்தக் கடையிலேயே இருந்தது. இருட்டறைக்குள் போய்விட்டால் அக்கா வேறு ஆள். கனமான வட்ட ஃபிரேமைக் கண்ணில் மாட்டி, ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாற்றிப் போட்டு, எதிரில் தெரியும் எழுத்தைக் காட்டி, “இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?” என்று கேட்பார். அவ்வளவுதான் கேள்வி. கோபாலபுரத்திலிருந்து வரும் ஒரு ரிட்டயர்டு பெரியவர் ஒவ்வொரு தடவையும் ‘கொஞ்சம் இருங்கோ, இன்னொரு தரம் மொதல்ல போட்டதைப் போடுங்கோ’ என்பார். முக்கால் மணி நேரம். அக்கா அதே கேள்வியை அதே குரலில் கேட்டுக்கொண்டிருப்பார். அலுப்பு இருக்காது, அவசரம் இருக்காது. அவரை வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பினதும், நான் ஸ்டூலைக் குறுக்கே போட்டிருக்கிறேன் என்று அரை மணி நேரம் திட்டு விழும்.

உள்ளே இருக்கும் பொறுமையில் பாதியாவது வெளியே காட்டக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, உள்ளே வருபவருக்குத்தான் கண் தெரியாது, உனக்கு என்ன கேடு என்றார். பிறகு அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், ஐம்பது வயதுக்கு ஓர் அம்மாள் வந்தார். வடபழனியிலிருந்து வருவதாகச் சொன்னார். கண்ணில் கண்ணாடி போட்டிருந்தார். சும்மா ஒரு தடவை செக் பண்ணிக்கொள்ளலாம் என்று வந்தாராம். அக்கா உள்ளே அழைத்துப்போய் அரை மணி நேரம் பார்த்துவிட்டு பவரை எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் வெளியே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் புது ஃபிரேம்களை மாட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

உள்ளே இருக்கிற மேடம் ரொம்ப நாளாக இங்கே வேலை செய்கிறார்களா என்று கேட்டார். ரொம்பப் பொறுமையாகப் பார்த்தார்கள் என்றார். பாராட்டை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ள எனக்கு என்ன தெரியும். வாய் சும்மா இருந்தால்தானே.

“உள்ளதான் மேடம் அந்தப் பொறுமை எல்லாம். வெளிய வந்தா நேரத்துக்கு ஒரு மாதிரி” என்றேன்.

அந்த அம்மாள் சிரித்தார். அப்படியா, அப்புறம் என்றார். கேட்பவர் சிரித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ராஜினாமாக் கடிதக் கதையை முதலாளி மாதிரிக் குரலை மாற்றிச் சொன்னேன். கவுன் கதையைச் சொன்னேன். ரவாலட்டையும் தலைவலியையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு ஃபிரேமைத் தேர்ந்தெடுத்தார். கண்ணாடி தயாரானதும் போன் செய்கிறேன் என்று நம்பரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டேன்.

நாலு மணிக்கு டீ வந்தபோது அக்கா வெளியே வந்து என் எதிரில் நின்றார். கையில் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்.

“அந்தம்மா போட்டிருந்த கண்ணாடியைப் பாத்தியா நீ?”

பார்த்தேன் என்றேன்.

“மூக்குத் தாங்கி ரெண்டும் தண்ணி மாதிரி வெள்ளையா இருந்துது. நம்ம ஊரு வேர்வைக்கு மூணு மாசத்துல மஞ்சளாயிடும். போன மாசம் செஞ்ச கண்ணாடி அது. பவரும் அதே பவர்தான், கால் பாயின்ட் மாறல. புதுக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு எதுக்கு இன்னொரு கண்ணாடி வாங்க வராங்க?”

அந்த மூக்குத் தாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் கதை அளந்தவன் நான். அதைப் பார்ப்பதுதான் என் தொழிலே.

தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்றார் அக்கா. போன வாரம் வடபழனிக் கோயிலுக்குப் பக்கத்து ஓட்டலில் கல்யாண விஷயமாக ஒருவரைப் பார்த்தாராம். பெரியவர்கள் ஒரு மேஜையில், இவர்கள் இரண்டு பேரும் இன்னொரு மேஜையில். அவர் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை. முதல் கல்யாணம் விவாகரத்தில் முடிந்தவர். பெற்றவர்கள் இல்லை, அக்கா ஒருத்திதான், அவரும் அன்று ஓட்டலுக்கு வரவில்லை. அந்த அக்காதான் இந்த அம்மாளாக இருக்கவேண்டும், மூக்கு ஒரே மாதிரி என்றார். எங்கள் தொழிலில் மூக்கைத்தான் முதலில் பார்ப்போம்.

“பத்து நிமிஷம்தான் பேசினோம். அதுக்குள்ள ரெண்டு தடவை கோவம் வந்துடுச்சு எனக்கு, நாலு தடவை சிரிச்சுட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. காபியக் குடிச்சிக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தார். எனக்குப் பிடிச்சிருந்துது” என்றவர், டீயை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். “தம்பி, என்னைப் பத்தி எதுனா கேட்டாங்களா?”

“இல்லக்கா. ஃபிரேம் பத்திதான் பேசிக்கினு இருந்தாங்க” என்றேன்.

அவர் தலையாட்டினார். இதற்கு முன்னால் நாலு இடம் வந்து, நாலும் கடைசி நேரத்தில் நின்றுபோனது என்று அன்றுதான் எனக்குச் சொன்னார். நாலு இடத்திலும் ஜாதகம் பொருந்தியது, பார்க்கவும் பிடித்தது. அப்புறம் விசாரித்தோம், சரியாக வராது போலிருக்கிறது என்று தகவல் வந்தது. விசாரித்ததில் என்ன தெரிந்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும். போன வருஷம் ஒருநாள் கடை போனில் யாரோ கூப்பிட்டு, அங்கே வேலை செய்யும் அம்மா எப்படி, குணம் எப்படி என்று விசாரித்தார்கள். வாடகைக்கு வீடு கொடுக்கப்போகிறவர் யாரோ என்று நினைத்துக்கொண்டு, வாடகை விஷயத்தில் பயமில்லை சார், ஆனால் நேரத்துக்கு ஒரு மாதிரி என்று சொன்னேன். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

மூன்றாம் நாள் அந்த அம்மாளின் கண்ணாடி தயாராகி வந்தது. போன் செய்யவேண்டியதுதான். செய்யவில்லை. அவர் வந்து அக்காவுக்கு முன்னால், ‘நீங்கதானே சொன்னீங்க’ என்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் கதி என்ன? கண்ணாடியைக் கூட்டோடு எடுத்துக் கீழ் டிராயரில் பழைய ஃபிரேம்களுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். பயந்தவன் செய்கிற காரியம் எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

வடபழனியிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. அக்கா ஒன்றும் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த விபரீதம் ஆரம்பித்தது. அவர் ஒரே மாதிரி இருக்க ஆரம்பித்தார்.

காலையில் வருவார், பையை ஆணியில் மாட்டுவார், குட்மார்னிங் என்பார். மத்தியானம் சாப்பிடுவார். எது கேட்டாலும் ‘சரி’, எது நடந்தாலும் ‘பரவாயில்ல’. திருப்புளியை வேண்டுமென்றே வெளியே போட்டுப் பார்த்தேன். அதை எடுத்து டப்பாவில் வைத்துவிட்டுப் போனார். நான் லென்ஸ் தட்டைக் கைதவறிக் கீழே கொட்டினேன், சத்தியமாக இது வேண்டுமென்று செய்ததில்லை. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார். திட்டு வரும் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். வரவில்லை. காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் அதே முகம். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

முதலாளியே ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “என்னடா ஆச்சு அவளுக்கு? இந்த மாசம் ஒரு லெட்டர்கூட வரலையே” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு கவலையை நான் கரண்ட் போனபோதுகூடப் பார்த்ததில்லை.

எட்டு நாள் தாங்கினேன். ஒன்பதாம் நாள் சாப்பிடும்போது அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த அம்மாளிடம் சொன்னதை, போன வருஷம் போனில் சொன்னதை, அன்றைக்கு இல்லை என்று பொய் சொன்னதை. டிராயரில் இருக்கும் கண்ணாடியை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. டிபன் பாக்ஸால் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் கோடி புண்ணியம்.

“பரவாயில்ல. இருக்கறதத்தானே சொன்ன” என்றார். டிபன் பாக்ஸை மூடி, கையைக் கழுவிக்கொண்டு இருட்டறைக்குள் போய்விட்டார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. டிராயரைத் திறந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டேன். முதலாளியிடம் டெலிவரி என்று மட்டும் சொல்லிவிட்டு வடபழனிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். சொன்னது நான், மாற்றிச் சொல்லவேண்டியதும் நான்தானே.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது அவர்தான், அக்கா ஓட்டலில் பார்த்தவர். மூக்கைப் பார்த்ததும் தெரிந்தது. அன்று பள்ளிக்கூடம் லீவு போலிருக்கிறது. கண்ணாடிக் கடையிலிருந்து வருகிறேன் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருடைய அக்கா சமையலறையில் இருந்தார். நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

“சார், அன்னிக்கு மேடம் கைல நான் சொன்னது சும்மா தமாசுக்கு. எங்க அக்கா அப்படியாப்பட்டவங்க இல்ல. ரொம்ப நிதானம். காலைல எப்படியோ சாயங்காலமும் அப்படியேதான். இப்பகூட எட்டு நாளா பாத்துக்கினு இருக்கேன் சார், மூஞ்சி மாறவே இல்ல.”

சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் அவர் முகம் விழுந்துவிட்டது. கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “நீங்க முதல்ல சொன்னது நெஜமா, இப்ப சொல்றது நெஜமா?”

இருட்டறையில் கேட்கும் அந்தக் கேள்வியேதான். நானும் கோபாலபுரத்துப் பெரியவர் மாதிரிக் கொஞ்சம் திணறினேன்.

அவர் தன் முதல் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். ஏழு வருஷம் ஒன்றாக இருந்தார்களாம். ஒரு சண்டை இல்லை, ஒரு வார்த்தை கூடக்குறைய வந்ததில்லை. எதைக் கேட்டாலும் சரி என்றுதான் பதில். பார்த்தவர்கள் எல்லாம் கொடுத்துவைத்தவன் என்றார்கள். ஒருநாள் சாயங்காலம் அந்த மனைவி பெட்டியோடு நின்றுகொண்டு, கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே எனக்கு இங்கே பிடிக்கவில்லை என்று, அதே முகத்தோடு சொல்லிவிட்டுப் போனாராம்.

“அவ மேல தப்பு சொல்ல மாட்டேன். எனக்கு எதுவுமே தெரியாம ஏழு வருஷம் போச்சு, அதான். உங்க மேடத்தை அன்னிக்கு ஓட்டல்ல பாத்தேன். காபில சர்க்கரை ஜாஸ்தின்னு கோவம் வந்துது, உடனே தெரிஞ்சுது. கோவம் போச்சு, அதுவும் தெரிஞ்சுது. எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துது. எங்க அக்கா வந்து நீங்க சொன்னதையெல்லாம் சொன்னப்போ சரியான எடம்னு நெனச்சேன். இப்ப வந்து இப்படிச் சொல்றீங்களே.”

“மொதல்ல சொன்னதுதான் நெஜம் சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

அதற்குள் அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும், “ஏம்ப்பா, ரெடியானா போன் பண்றேன்னு சொன்னியே, இத்தனை நாளா கண்ணாடிக்கு?” என்றார். கண்ணாடி வாங்க வருகிற சாக்கில் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேரையும் இன்னொரு தடவை பேசவிட்டு, அன்றைக்கே முடிவைச் சொல்லிவிடலாம் என்று இருந்தார்களாம். தம்பி தினம் இரண்டு வேளை, போன் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். சும்மாப் போய் நின்றால் நன்றாக இருக்காது என்று அந்த அம்மாள்தான் தடுத்து வைத்திருந்தார்.

ஆக, எட்டு நாளாக வடபழனி பேசாமல் இருந்ததற்குக் காரணம் வடபழனி இல்லை. என் கீழ் டிராயர். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தேன், டிராயரில் பூட்டி வைத்ததையும் சொல்லிவிட்டேன்.

தம்பி மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். “எட்டு நாளா முகம் மாறவே இல்லையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்துபோய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்தார். வாங்க போகலாம் என்றார். கண்ணாடியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று அந்த அம்மாள் பின்னாலிருந்து கத்தவேண்டியிருந்தது. கூடு இன்னும் என் கையில்தான் இருந்தது.

தி.நகர் நெரிசலில் அவர் பைக் ஓட்டிய வேகத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் முதலாளியிடம், கண்ணை டெஸ்ட் செய்யவேண்டும் என்றார். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. அக்கா இருட்டறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, அவரைப் பார்த்து, ஒரு நிமிஷம் நின்றார். அந்த எட்டு நாள் முகத்தோடு, உள்ளே வாங்க என்றார்.

நானும் முதலாளியும் வெட்கத்தை விட்டுக் கதவுப் பக்கமாகவே உட்கார்ந்திருந்தோம். வெகுநேரம், ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’தான் கேட்டது. பிறகு அவர் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு அக்கா உரக்க, “எட்டு நாளா ஒரு போன் பண்ண உங்களுக்குக் கை வலிச்சுதா?” என்றார். முதலாளி என் தொடையில் தட்டினார். அதற்குப் பிறகு அழுகை, அதற்குப் பிறகு சிரிப்பு, அந்தச் சிரிப்பின் நடுவிலேயே மறுபடி ஏதோ அதட்டல்.

“அப்பாடா” என்றார் முதலாளி.

அவரை அனுப்பிவிட்டு வந்த அக்கா நேராக என்னிடம் வந்தார். உள்ளே அவர் சொல்லி டிராயர் விஷயம் தெரிந்துவிட்டது. நான் இதுவரை வாங்கியதையெல்லாம் சேர்த்தாலும் அன்றைக்கு வாங்கியதற்கு ஈடாகாது. என் மூஞ்சியில் இனி முழிக்கமாட்டேன் என்றார். இந்தக் கடையே வேண்டாம் என்று காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். முதலாளி, எழுது எழுது என்று பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தவர், மத்தியானம் நீ சாப்பிடவே இல்லையே என்று என்னைப் பார்த்துக் கேட்டு, எழுந்துபோய் பஜ்ஜி வாங்கி வந்தார். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதில்லை.

கல்யாணம் வடபழனிக் கோயிலில் நடந்தது. மாலை சரியாகக் கட்டவில்லை என்று மணமேடையிலேயே அக்காவுக்குக் கோபம் வந்தது, எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் அடையாறில் சின்னதாகச் சொந்தக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை செய்யும் பெண்களைப் பற்றி யாராவது பேச்சுக் கொடுத்தால் முதலில் பேச்சுக் கொடுப்பவருடைய மூக்குத் தாங்கியைப் பார்ப்பேன். வெள்ளையாக இருந்தால் வாயை மூடிக்கொள்வேன். அந்த மூன்று வார்த்தையை இப்போது யாரைப் பற்றியும் சொல்வதில்லை. அதைச் சொல்ல எனக்கு ஓர் இடம்தான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அக்கா இரண்டு வருஷம் மயிலாப்பூர்க் கடைக்கே வந்துகொண்டிருந்தார். தினம் மத்தியானம் அவர் இருட்டறையில் இருக்கும் நேரம் பார்த்துக் கடை போன் அடிக்கும். நான்தான் எடுப்பேன்.

“எப்படி இருக்கா இன்னிக்கு?”

“நேரத்துக்கு ஒரு மாதிரி சார்.”

“அப்ப சரி” என்று வைத்துவிடுவார்.